துப்பாக்கி நுனியில் ஒரு முள்

செஞ்சி
20.6.1965

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீனம்பாள் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. அங்கே வெயில் எப்படி, வேளைக்குச் சோறு போடுகிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மறக்காமல் பதில் எழுது. இல்லாவிட்டால் நான் கேட்கவே இல்லை என்பாள்.

துப்பாக்கி வந்துவிட்டது. நைனா முன்பு வேலை செய்த அவலூர்ப்பேட்டைப் பெரிய வீட்டில் பரண் மேல் கிடந்ததுதான். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடையாய் நடந்து, பயிர்க் காவலுக்கு என்று நைனா பெயரில் லைசென்ஸ் வாங்கியாயிற்று. வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து, பின்னால் சுத்தி தட்டினால் வெடிக்கிற கேப்பு வைத்துச் சுடுகிற பழைய பட்டாளத்து ரைபிள். இரும்பில் ஒரு கிரீடமும் 1861 என்ற எண்ணும் வெட்டியிருக்கிறது. நூறு வயதுக்கு மேல் ஆன பொருள் நம் வீட்டில் இது ஒன்றுதான்.

நிலத்தின் கதை உனக்குத் தெரியும். சிங்கவரம் ரோட்டில் மலையடிவாரத்தில் சர்க்கார் கொடுத்த இரண்டு ஏக்கருக்கு இது மூன்றாவது வருஷம். போன இரண்டு முறையும் மல்லாட்டை போட்டோம், மண்ணுக்குள் இருந்த கடலையைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிட்டன. கணக்குப்பிள்ளை ‘தரிசு’ என்று எழுதிவிட்டார். இந்த வருஷமும் அப்படி எழுதினால் பட்டா ரத்து என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து நிலத்து ரங்கநாதன் இப்போதே நம் வரப்பில் நின்று கிணறு வெட்ட இடம் பார்க்கிறார்.

அதனால்தான் இந்தத் துப்பாக்கி. ஆனால் அது சொன்ன இடத்தில் சுடவில்லை. ஓடைக்கரை மண்சுவரில் சுண்ணாம்பால் ஒரு பன்றி வரைந்தேன். “இது ஆடு மாதிரி இருக்குது” என்றார் நைனா. முப்பது கஜம் தள்ளி நின்று சுட்டார். குண்டு பன்றியின் முதுகுக்கு ஒரு சாண் மேலே போய்விட்டது. திரும்பத் திரும்ப அதே ஒரு சாண்.

“கொஞ்சம் கீழே குறி வைங்க நைனா” என்றேன்.

“பன்னி இங்க இருக்குது, நான் அங்க பாக்கணுமா? இன்னா படிப்பு படிச்ச நீ?”

கல்லூரி என்.சி.சி.யில் நானும் சுட்டிருக்கிறேன். அங்கே கொடுத்த துப்பாக்கியில் எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இல்லாததை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. லைசென்ஸ் தன் பெயரில் இருப்பதால் பன்றியைத் தான்தான் சுட வேண்டும் என்கிறார் நைனா. மண்ணை மட்டும் நான் சுடலாமாம். அவர் நேராகத்தான் குறி பார்ப்பார். ஆகையால் துப்பாக்கிதான் அவருக்கு வழிவிட வேண்டும். என்ன செய்யலாம், எழுது.

உன் கடிதத்தை எதிர்பார்க்கும்
தங்கை மீனம்பாள்

*

முகாம்
2.7.65

அன்புத் தங்கச்சி மீனாவுக்கு,

அண்ணன் தங்கராசு. நான் நல்லபடியாக இருக்கிறேன். வெயில் நம் ஊர் வெயிலைவிட மோசம். சோறு போடுகிறார்கள், ஆனால் ரொட்டிதான் அதிகம். அம்மாவிடம் சோறு என்றே படித்துவிடு.

சுண்ணாம்பு ஆட்டைப் படித்துச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் என்ன விஷயம் என்று கேட்டான்.

விஷயம் சுலபம். குழலின் மேல் ஏணி மாதிரி ஒரு தகடு இருக்கும், எண்கள் வெட்டியிருக்கும், பார். அதில் ஆகக் குறைந்த எண்ணே நூறு கஜம். வெள்ளைக்காரன் தூரத்தில் நிற்கிற மனுஷனைச் சுடச் செய்தது அது. உன் பன்றி முப்பது கஜத்தில் நிற்கிறது, அதனால் குண்டு மேலே போகிறது. குறி பார்க்க அந்தத் தகட்டில் உள்ள பள்ளத்தை இதற்கு மேல் இறக்க முடியாது. குழல் நுனியில் இருக்கும் முள்ளைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரே விதி, மனப்பாடம் செய்துகொள். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முள்ளும் போக வேண்டும். குண்டு மேலே போனால் முள்ளை உயர்த்து. வலது பக்கம் போனால் முள்ளை வலது பக்கம் தள்ளு. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். எல்லோரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். யாரையும் அரம் எடுக்க விடாதே.

இன்னொன்று. இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். நைனா ஒரு கண்ணை மூடுவார், எனக்குத் தெரியும். ஒரு கண்ணை மூடுகிறவன் பாதிக் காட்டை மூடுகிறான் என்று சொல். எங்கள் ஹவில்தார் இதற்காக என்னை மைதானம் முழுக்க ஓடவிட்டிருக்கிறார்.

அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி ஒத்தடம் கொடு.

அண்ணன்
தங்கராசு

*

செஞ்சி
14.7.65

அன்புள்ள அண்ணா,

நலம், நலமே விழைகிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன். அம்மா இப்போது குந்தி எழுந்திருக்கிறாள். மல்லாட்டை விதைத்துவிட்டோம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அரம் ஞாயிற்றுக்கிழமையே வேலையை முடித்துவிட்டது.

நைனாவும் நானும் பஜாரில் அன்வர் பாஷா பாய் கடைக்குப் போயிருந்தோம். உனக்குத் தெரியுமே, ஸ்டவ், பூட்டு, குடை, துப்பாக்கி எல்லாம் ஒரே பலகையில் கிடக்கும். பாய் ரைபிளை வாங்கி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

“குண்டு ஒசக்க போவுதா? அப்போ முள்ளு ஒசரமா இருக்குதுன்னு அர்த்தம். ராவிட்டாப் போச்சு.”

கடையில் நின்ற குடைக்காரரும் ஸ்டவ்காரரும்கூட ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் எங்கோ இடித்தது. பஸ் டிக்கெட்டின் பின்புறம் கோடு போட்டுப் பார்த்தேன். முள் குட்டையானால் அதைப் பள்ளத்தில் கொண்டுவரக் குழலை இன்னும் தூக்க வேண்டியிருக்கும். குழலைத் தூக்கினால் குண்டு இன்னும் மேலேதானே போகும்?

“முள்ளை உயர்த்தணும் போலிருக்குது” என்றேன். என் குரல் உனக்குத் தெரியும்.

“இன்னா பாப்பா சொல்றே?”

“ஒண்ணுமில்ல பாய், நீ ராவு” என்றார் நைனா.

அவ்வளவுதான். பாய் ராவி முடித்து இரும்புப் பொடியை ஊதிவிட்டார். டிக்கெட் என் கையில் ஈரமாகிப்போனது. இப்போது குண்டு ஒன்றரைச் சாண் மேலே போகிறது.

உன் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். “இதை முன்னாடியே எழுதறதுக்கு இன்னா அவனுக்கு?” என்றார். பாய்க்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “ராவுன இரும்பை மொளைக்க வெக்க நான் இன்னா சாமியாரா?” என்றார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நைனா இப்போது இரண்டு கண்ணையும் திறக்கப் பார்க்கிறார். இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன.

இந்த முள்ளை எப்படி வளர்ப்பது?

மீனம்பாள்

*

முகாம்
24.7.65

மீனாவுக்கு,

நலம். அம்மா நைனா சுகத்துக்கு எழுது.

அரம் எடுக்காதே என்று நான் அவ்வளவு பெரிதாக எழுதியும்! சரி, தபால் செய்த வேலை. பாயைத் திட்டி என்ன ஆகப் போகிறது. இருந்தாலும் நான் திட்டினேன் என்று சொல்.

முளைக்க வைக்க வேண்டாம். பித்தளையில் ஒரு வளையம் செய்யச் சொல், குழல் நுனியில் இறுக்கமாக மாட்டுகிற மாதிரி. அதன் மேல் உயரமாக ஒரு முள். வேண்டியதைவிட உயரமாகவே வை. அப்புறம் சுட்டுப் பார்த்துச் சுட்டுப் பார்த்து ராவி இறக்கு. ஒரு நெல்லின் கனம் குறைத்தால் முப்பது கஜத்தில் குண்டு நாலு விரல் ஏறும். பக்கவாட்டில் தப்பினால் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். எல்லாம் சரியாகிற வரைக்கும் ஈயம் வைத்துப் பற்றவைக்க விடாதே. பற்றவைத்தால் திருப்ப முடியாது.

நாங்கள் இடம் மாறுகிறோம். எங்கே என்று எழுதக்கூடாது. பழைய விலாசத்துக்கே எழுது, வந்து சேரும். கடிதம் தாமதமானால் பயப்படாதீர்கள்.

நீ குரலை உயர்த்திப் பேசப் பழகு. பி.ஏ. வாங்கினது டிக்கெட்டின் பின்னால் எழுதவா?

தங்கராசு

*

செஞ்சி
18.8.65

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். புது இடத்தில் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

மல்லாட்டை முளைத்துப் பூ வைத்துவிட்டது. ஆடி மழை ஏமாற்றவில்லை. இந்தப் பித்தளை வளையம்தான் ஏமாற்றுகிறது.

பாய் பழைய ஸ்டவ் பர்னரை அறுத்து வளையம் செய்தார். பார்க்க மோதிரம் மாதிரி அழகாக இருந்தது. முதல் வெடிக்கே குண்டோடு சேர்ந்து அதுவும் கிளம்பிப் போய்விட்டது. நானும் அம்மாவும் ஓடை மணலைப் புடைத்தும் கிடைக்கவில்லை. “குண்டு போன பக்கம் முள்ளும் போவணும்னு உங்க அண்ணன்தான எழுதியிருந்தான்” என்றார் நைனா.

இரண்டாவது வளையம் இறுக்கமாக நின்றது. முள் உயரம் என்பதால் குண்டு பன்றியின் காலடியில் மண்ணில் புதைந்தது. அதுவே எனக்குச் சந்தோஷம். முதல் முறையாகக் கீழே போயிற்றே! கொஞ்சம் ராவித் தாருங்கள் என்று பாயிடம் கொண்டுபோனேன். பாய் அரத்தைத் தொட மறுத்துவிட்டார்.

“வேணாம் பாப்பா. போன தபா ராவினதுக்கே பட்டாளத்துலேர்ந்து திட்டு வந்துட்டுது.”

அரத்தை இரவல் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன், இரண்டாவது முறை அவருக்குக் காது கேட்டது. நானே ராவினேன், சுட்டேன், ராவினேன், சுட்டேன். தோள் கன்றிப்போயிற்று. மருந்து தீர்ந்துபோய் ஒரு வாரம் காத்திருந்தேன். இப்போது உயரம் சரி. ஆனால் குண்டு வலது பக்கம் ஒரு கை அகலம் விலகுகிறது. வளையத்தை வலப்புறம் திருப்பினேன். சரியாயிற்று. நைனா கையில் கொடுத்தேன். கொடுத்ததும், “இது கோணலா இருக்குதே” என்று நேராகத் திருப்பி வைத்துவிட்டார்.

அண்ணா, எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. தாமதமாகும் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்குத் திரும்பவும் படித்துக் காட்டினேன்.

மீனம்பாள்

*

செஞ்சி
14.9.65

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமா என்று ஒரு கார்டு போட்டால் போதும். இரண்டு வரி போதும்.

பஞ்சாயத்து ரேடியோவில் சண்டைச் செய்தி வரும்போது நைனா அங்கே போய் நிற்கிறார். திரும்பி வந்து, “ஒண்ணும் சொல்லல” என்கிறார். அவ்வளவு நேரம் சொன்னதை ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்கிறாரோ. அம்மா தபால்காரர் ஆதிமூலம் வரும் நேரத்தில் வாசல் பெருக்குகிறாள். காலையில் பெருக்கிய வாசலைத்தான்.

பன்றிகள் வந்துவிட்டன. கீழ்க்கோடியில் நாலு பாத்தியை உழுது போட்டிருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் இறங்குகின்றன. நைனா காத்திருந்து சுட்டார். தப்பிவிட்டது. துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது, மண்சுவரில் அது நேராகத்தான் சுடுகிறது. ஆனால் அந்த மங்கல் வெளிச்சத்தில் முள் தெரியவில்லை. பித்தளை மருந்துப் புகையில் கறுத்துப்போய்விட்டது. கறுத்த முள், கறுத்த பன்றி, பின்னால் கறுத்த மலை.

ரங்கநாதன் வரப்பில் நின்று நைனாவிடம், “இன்னா பொன்னுசாமி, தீவாளி முன்னாடியே வந்துடுச்சா?” என்று கேட்டார். எதிர்வீட்டுச் செல்லம்மாள் என்னைப் பார்த்து, “பி.ஏ. படிச்சுட்டு பன்னிக்குப் பாடம் நடத்தறியாடி?” என்கிறாள். அவளுக்குச் சொல்ல நல்ல பதில் ஒன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

இரண்டு கண்ணும் திறந்து பார்த்தால் நைனாவுக்கு இரண்டு முள் தெரிகிறதாம். எந்த முள்ளை நம்புவது என்று கேட்கிறார். அதற்கு ஒரு வழி எழுது.

எழுது, அண்ணா.

மீனம்பாள்

*

செஞ்சி
2.10.65

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொல்லிப் பத்து நாளாகிறது. பதில் வராவிட்டாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அம்மா ஏன் எழுதவில்லை என்று கேட்பாள்.

முள்ளுக்குச் சுண்ணாம்பு தடவினேன், இரண்டு வெடியில் உதிர்ந்தது. பல்பொடியைக் கோந்தில் குழைத்து வைத்தேன், பனியில் கரைந்தது. நேற்று உன் பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையின் பித்தானை எடுத்தேன். அம்மா கத்தினாள். “அவன் வந்தா போட்டுக்கற சட்டைடி அது!” பித்தானை உடைத்து ஒரு சின்னத் துணுக்கை முள்ளின் பின்பக்கம் அரக்கு வைத்து ஒட்டினேன். இன்று பொழுது இறங்கின பிறகு பார்த்தேன். மலை போய்விட்டது, ஓடை போய்விட்டது, அந்த வெள்ளைப் பொட்டு மட்டும் தெரிகிறது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நைனா, “ம்” என்றார்.

சட்டைக்கு வேறு பித்தான் தைத்துவிட்டேன்.

மீனம்பாள்

*

12.10.65

அன்புள்ள மீனாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உறையின் மேல் உள்ள விலாசம் புதிது, இனி இதற்கே எழுது. உன் கடிதங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நேற்றுத்தான் கைக்கு வந்தன.

சண்டையில் கொஞ்சம் அடிபட்டது. இப்போது தேவலை. ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சோறும் போடுகிறார்கள், இந்த முறை நிஜமாகவே சோறு. கையும் காலும் முழுசாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். நான் சொன்னேன் என்று அழுத்தமாகச் சொல்.

பித்தான் நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது. வளையம் சரியாக நின்றதும் கூரான ஆணியால் குழலில் ஒரு கீறல் போட்டுவை. நைனா திருப்பினாலும் பழைய இடம் தெரியும்.

இரண்டு முள் தெரிகிறதென்றால் ஒரு கண்ணை மூடச் சொல். ஒரு கண் போதும். மூட வராவிட்டால் துணியால் கட்டிவிடு. போதும், நன்றாகவே சுடலாம்.

அந்தத் துப்பாக்கியில் சுத்தியும் கேப்பும் வலது பக்கம்தானே? அதை இடது தோளில் வைத்துச் சுட்டால் கேப்பின் பொறி முகத்தில் தெறிக்குமா? சும்மாதான் கேட்கிறேன். இங்கே ஒருத்தனோடு பேச்சு வந்தது.

தங்கராசு

*

செஞ்சி
26.10.65

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று அம்மா உலை வைக்க மறந்துவிட்டாள். கையும் காலும் முழுசு என்பதை நாலு முறை படிக்கச் சொன்னாள். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். உனக்குக் காயம் எங்கே என்று செல்லம்மாள் கேட்டாள். “அதான் கையும் காலும் முழுசுன்னு எழுதியிருக்கானே” என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள். உடம்பு இப்போது எப்படி? வலி இருக்கிறதா?

ஒரு கண் போதும் என்று நீ எழுதியதைக் கேட்டதும் நைனா, “பாத்தியா, நான் மொதல்லேர்ந்தே ஒத்தக் கண்ணுதான் சொன்னேன்” என்று துள்ளினார். நான் உன் பழைய கடிதத்தை எடுத்து, ஹவில்தார் உன்னை ஓடவிட்டதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இரண்டு கடிதத்தையும் ஒன்றாக மடித்து வைத்தேன்.

அவருடைய இடது கண்ணைத் துண்டால் கட்டினேன். வளையத்துக்குக் கீறலும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பன்றிகள் ஓடைப் பக்கமாக இறங்கின. நைனா மண்டியிட்டு, நேராக, பன்றி இருக்கிற இடத்திலேயே குறி பார்த்தார். ஒரே வெடி. பெரிய ஆண் பன்றி விழுந்தது. மற்றவை மலைக்குள் ஓடினவைதான், அப்புறம் ஒன்றுகூட வரவில்லை.

நம் தெரு முழுக்கக் கறி பங்கு வைத்தோம். ரங்கநாதன் வீட்டு ஆள்கூடப் பின்பக்கமாக வந்து, “ஐயாவுக்கு ஒரு பங்கு” என்று நின்றான். கொடுத்தோம். எலும்பாகப் பார்த்து அம்மா கொடுத்தாள்.

நைனா தெருவில், “நம்ம குறி எப்பவும் தப்பாது. துப்பாக்கிதான் கொஞ்சம் தகராறு பண்ணிக்கிட்டு இருந்தது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பாய் கடையில் பாய், “நான் போட்ட வளையம்” என்கிறாராம். இருக்கட்டும்.

நிலத்தைப் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரும் தேதி இன்னும் தெரியவில்லை. பாதிப் பயிருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிழைத்திருக்கிறது.

கேப்புப் பொறியைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் தெரியாமல் எழுதக்கூடாது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மீனம்பாள்

*

6.11.65

மீனாவுக்கு,

நலம். நைனாவுக்கு என் சல்யூட்.

அம்மா எனக்குப் பெண் பார்க்கிற பேச்சை எடுத்தால் இப்போது வேண்டாம் என்று நிறுத்து. லீவு இல்லை என்று சொல். இனிமேல் என்னை எங்கே போடுவார்கள் என்று தெரியவில்லை. ஸ்டோரில் உட்கார வைக்கலாம். வீட்டுக்கும் அனுப்பலாம். வந்தால் அங்கே நான் என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியவில்லை. பன்றியைக்கூட நைனாவே சுட்டுவிட்டார்.

கேப்பைப் பற்றிக் கேட்டேனே, அதை விட்டுவிடு. பேச்சுக்குக் கேட்டது.

பட்டா என்ன ஆயிற்று?

தங்கராசு

*

செஞ்சி
21.11.65

அன்புள்ள அண்ணாவுக்கு,

நைனா, அம்மா சுகம். நானும் சுகம், கன்னத்தில் ஒரு சின்னக் கொப்புளம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டா நிலைத்துவிட்டது. இன்ஸ்பெக்டரும் கணக்குப்பிள்ளையும் அறுவடைக்கு முந்தின நாள் வந்தார்கள். ரங்கநாதன் கூடவே வந்து, “வருஷா வருஷம் தரிசுதாங்க” என்று கீழ்க்கோடிக்கு அழைத்துப் போனார். பன்றி உழுத பாத்திகளைப் பார்த்ததும் கணக்குப்பிள்ளை பேனாவைத் திறந்துவிட்டார்.

“அது ஓரம்தான். நடுவில் வந்து பாருங்கள்” என்றேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன். என்ன குரலில் சொன்னேனோ, நைனா பயந்துபோய் என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நடுப்பாத்திக்கு வந்து ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். கொத்தாகக் காய். ஒரு காயை உடைத்துத் தின்றுகொண்டே, “எழுதுங்க, மல்லாட்டை, சாகுபடி” என்றார். ரங்கநாதன் கிணற்றுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இனி உன் கேள்வி. விட்டுவிடு என்று எழுதினாய். விட முடியவில்லை.

நேற்று ஓடைக்கரைக்கு நான் மட்டும் போனேன். வலது கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, துப்பாக்கியை இடது தோளில் வைத்துச் சுட்டேன். முதல் தடவை விசை எங்கே என்றே கைக்குத் தெரியவில்லை. எதுவும் இருக்கிற இடத்தில் இல்லை. கால்கூட மாறி நின்றது. அழுகை வந்தது, கட்டின துண்டுக்குள்ளேயே போயிற்று. அப்புறம் இன்னும் சுட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. குண்டு இடது பக்கம் மூன்று விரல் விலகுகிறது, அவ்வளவுதான். பொறி தெறிக்கத்தான் செய்கிறது. வலது கன்னத்தில், மூக்கை ஒட்டி. கண்ணில் படவில்லை. ஆனாலும் அதை நம்பி இருக்கக் கூடாது.

பஜாருக்குப் போய்ப் பாயிடம், சுத்திக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைக்க வேண்டும் என்றேன்.

“எதுக்கு பாப்பா? உங்க நைனா வலது கைக்காரராச்சே?”

“நைனாவுக்கு இல்லை பாய். அண்ணனுக்கு. இனிமே இடது தோள்லதான் வெச்சு சுடும்.”

கடையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். பாய், பேசிக்கொண்டே கோடு போட்டிருந்த தகரத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் அகலமாக வேறு கோடு போட்டார்.

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படிக்கும்போது சில வரிகளை விட்டுவிட்டேன். உன் கண்ணைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். நீ வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, நீயே சொல்ல வேண்டும். பெண் பேச்சை நிறுத்தியிருக்கிறேன், கொஞ்ச நாளைக்குத்தான் நிற்கும்.

என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். அடுத்த ஆவணியில் பன்றிகள் திரும்ப வரும். நான் மனுப் போட்டிருக்கும் வேலைக்கு அதற்குள் உத்தரவு வந்துவிட்டால் நைனாவோடு காவல் இருக்க ஆள் இல்லை.

வளையத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முள் உனக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நீ வந்து சுட்டால்தான் தெரியும்.

தங்கை
மீனம்பாள்